அம்மா இல்லாத கணிப்பு

தாரிகாவைவிட நன்றாகச் சம்பாதிக்கிற இன்னொரு தாரிகா ஓசூரில் இருந்தாள். மின்கலத் தொழிற்சாலையில் வேலை, கம்பெனிக் குடியிருப்பு, வருஷம் தவறாமல் சம்பள உயர்வு. அவளுக்கு ஒரே ஒரு குறை, உடம்பு கிடையாது. வைப்பாறு பல்கலைக்கழகத்தின் கணிப்பகத்தில், கணினிக்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். சாத்தூரில் உடம்போடு இருந்த தாரிகா, அந்த உடம்பில்லாதவளின் சம்பளத்துக்குத் தக்கபடி கல்விக்கடன் கட்ட வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு வந்தபோது ஜனங்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையைப் படிக்க வைக்கக் கடன் கேட்டுப் போனவர்கள் வங்கி மேலாளரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள். வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, அரசு ஊழியர் ஜாமீன் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே பாதிப் பிள்ளைகளின் படிப்பில் மண் விழுந்தது. வைப்பாறு பல்கலைக்கழகம் அதையெல்லாம் ஒழித்துக்கட்டியது. மதிப்பெண், ரத்தப் பரிசோதனை, குடும்பத்தின் மருத்துவக் குறிப்புகள், ரேஷன் அட்டை, செல்போன் பழக்கவழக்கம், இவற்றை மட்டும் கொடுத்தால் போதும். அதை வைத்து அந்தப் பிள்ளையைப் போலவே ஒரு பிள்ளையைக் கணினிக்குள் செய்து, பதினைந்து வருஷம் முன்னோக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு நிழல் என்று பெயர். நிழல் வாங்குகிற சம்பளத்தை நம்பிக் கடன். பத்திரம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், பெற்றவர்களில் ஒருவர் பெயருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் சரி.

நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? அடுத்த வருஷமே நிழலின் சம்பளம் ஃபிளெக்ஸில் ஏறிவிட்டது. சேர்க்கை முடிந்த கையோடு பிள்ளையின் படத்தைப் போட்டு, அது எதிர்காலத்தில் வாங்கப்போகும் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, தாய்மாமன்கள் பேருந்து நிலையத்தில் கட்டினார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நிழலைக் கேட்டார்கள். பையன் வேலையில்லாமல் திண்டாடினாலும் அவன் நிழல் பெங்களூரில் கார் ஓட்டுகிறது என்றால் பெண் கொடுக்க ஆள் இருந்தது.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. படித்து முடித்தவர்கள் வாங்குகிற சம்பளத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம். மாவட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரைவிட்டு நகர்வதில்லை. ஒருவனுக்கு வயல், இன்னொருத்திக்குக் கைக்குழந்தை, வேறொருவனுக்குப் படுத்துவிட்ட அப்பா. இவர்களால் சராசரி இறங்கியது, மானியமும் இறங்கியது. ஆகவே ஒரு விதி வந்தது. நிழலின் சம்பளத்துக்குத் தக்க தவணையைத் தொடர்ந்து கட்ட முடியாதவர்களை, நிழல் எங்கே வேலை பார்க்கிறதோ அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கடன் ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காகிதத்தில் அதன் பெயர் நேர்ப்படுத்தல். ஊரில் அதை, நிழலுக்குப் பின்னால் அனுப்புவது என்றார்கள்.

தாரிகாவுக்கு ஜூலையில் நேர்ப்படுத்தல் என்று தகவல் வந்திருந்தது.

மின்கல வேதியியல் படித்தவள் அவள். படிப்பு முடிந்தபோது ஓசூர்த் தொழிற்சாலை நிஜமாகவே வேலை கொடுத்தது. அதே மாதம் அம்மா காளீஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அப்பா அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நாலு மணி நேரம் காத்திருந்து, துவண்டுபோன உடம்பைத் தோளில் சாய்த்துத் திரும்பக் கொண்டுவர ஆள் வேண்டும். தாரிகா ஓசூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, சாத்தூரிலேயே ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடிக்க லாயக்கா என்று பார்த்துச் சொல்கிற வேலை. பிழைக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் அம்மா முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பாள், அதைப் பார்க்கும்போது தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றும்.

இப்போது அவள் ஓசூர் போனால் அம்மா ஒரு மாதம் தாங்கமாட்டாள். போகாவிட்டால் ஜாமீன் போட்ட அம்மாவின் பெயரில் இருக்கிற ஆஸ்பத்திரிக் காப்பீட்டை முடக்குவார்கள், அதற்கும் விதி இருந்தது. ஆக, எப்படியாவது இந்த ஊரிலேயே இருக்க அனுமதி வாங்க வேண்டும்.

கணிப்பகத்தில் விலகல் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் அலுவலர் ஜெபராணி ஐம்பதைத் தாண்டியவர், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். எதிரே உட்கார்ந்தவளை முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நிழல் போன பாதையிலிருந்து நீ எந்த இடத்தில் விலகினாய், அதற்கு என்ன காரணம் என்று காட்டினால் சலுகை உண்டு என்று விளக்கினார்.

"அம்மாவுக்கு டயாலிசிஸ் மேடம். அதான் போகல."

ஜெபராணி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"உன் நிழலுக்கு அம்மா இல்லம்மா."

"இல்லைன்னா?"

"நீ படிப்பு முடிச்ச அடுத்த மாசம் இறந்துட்டாங்க. அந்தக் கணிப்புல."

தாரிகாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்ட அம்மா! இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். ஜெபராணி சிரிக்கவில்லை.

"அது தப்பாக் கணக்குப் போடலம்மா. உங்க அம்மாவோட கிட்னி எப்பப் போகும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க அப்பா இல்லைன்னு தெரியும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு தெரியும். நல்ல வேலை வந்தா நீ கிளம்பிருவேன்னு நினைச்சுக்கிச்சு. கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னா அவங்க எத்தனை நாள் இருப்பாங்க? நீ அந்த வேலைய விட்டுட்டு ஊர்லயே இருப்பேன்னு அதுக்குத் தோணல, அவ்வளவுதான்."

அதனால் விண்ணப்பத்தில் விலகல் காரணம் என்ற இடத்தில் தாரிகா எழுத வேண்டியது, தாயார் உயிரோடு இருத்தல். எழுதினால் மட்டும் போதாது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் கருவூலத்தில் போய், நான் இன்னும் சாகவில்லை என்று முகம் காட்டுகிற நேர்காணல் இருக்கிறதல்லவா, அதைப் போல அம்மாவே நேரில் வர வேண்டும். அவளுக்கு மகளின் பராமரிப்பு அவசியம் என்று அலுவலர் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

பெற்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? நீ செத்திருந்தால் எனக்குத் தொல்லை இல்லை, சாகாமல் போனாய், வந்து சாட்சி சொல் என்றா? பேருந்தில் வரும்போதே தாரிகா முடிவு செய்துவிட்டாள். ஜாமீன்தாரரைச் சரிபார்க்கிறார்களாம், ஒரு நடை வந்து கையெழுத்துப் போடு என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொய்தான் வினையாக முடிந்தது.

காளீஸ்வரி ஜாமீன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஜாமீன் போட்டவள் நோயாளி என்று தெரிந்தால் மகளின் படிப்புக்கு இழுக்கு, ஒருவேளை பட்டத்தையே பிடுங்கிக்கொள்வார்களோ என்று அவளுக்குப் பயம். மகள் பட்டம் வாங்கிய நாளில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், பல்கலைக்கழகத்தை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையை எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டு டீச்சரிடம் முழுக்கை ரவிக்கை இரவல் வாங்கினாள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு புடலங்காய் மாதிரி புடைத்துக் கிடக்கும், அது வெளியே தெரியக் கூடாது. முகத்தின் கறுப்பு தெரியாமல் பவுடர் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் எதற்கு என்று தாரிகா கேட்டதற்கு, நீ படிச்ச எடத்துக்குப் பரதேசி மாதிரியா வாரது என்று அடக்கிவிட்டாள்.

கணிப்பகத்தின் வாசலில் தாரிகா லிஃப்டுக்குத் திரும்பினாள். அம்மா படிக்கட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். மாடி ஏறி முடித்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஜெபராணி இருவரையும் உட்காரவைத்தார். மேஜைமேல் ஒரு சின்னக் கேமரா, பேசுவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு பெரிய தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காளீஸ்வரிக்கு ஒரு நாள் முழுக்கவே அவ்வளவு தண்ணீர்தான் அனுமதி. நாக்கு வறண்டால் துளித் துளியாக வாயை நனைத்துக்கொள்கிறவள், தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்து முடித்து, சேலை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தாரிகா தடுக்கக் கையை நீட்டினாள். கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் இழுத்துக்கொண்டாள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஜெபராணி தொடங்கினார்.

"எனக்கென்ன மேடம், கல்லுக் கணக்கா இருக்கேன். காலையில எந்திரிச்சு வாசல் தெளிக்கதுல இருந்து சமையல் வரைக்கும் நான்தான். இவளை ஒரு வேலை செய்ய விட மாட்டேன்."

"டயாலிசிஸ் நடக்குதுன்னு பதிவுல இருக்கேம்மா."

"அது சும்மா, போய்ப் படுத்து எந்திரிச்சு வாரது. நானே பஸ் ஏறிப் போயிருவேன். இவதான் நானும் வாரேன்னு ஒட்டிக்கிட்டு வருவா."

தாரிகா மேஜைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, காளீஸ்வரி இன்னும் ஒரு படி மேலே போனாள். வெளியூரில் நல்ல வேலை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள், நான் ஒண்டியாக இருந்துகொள்வேன், பயப்படுகிற ஆள் நான் இல்லை என்றாள். ஜெபராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாரிகாவைப் பார்த்தார். பராமரிப்புத் தேவையில்லை என்று திரை தானாகவே குறித்துக்கொண்டுவிட்டது.

"விண்ணப்பம் நிக்காதும்மா," என்றார். "ஜூலைல நீ கிளம்ப வேண்டியதுதான்."

"என்ன விண்ணப்பம்? எங்க கிளம்பணும்?" காளீஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இனி மறைக்க வழியில்லை. தாரிகா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இவங்க போட்ட கணக்குல நீ செத்துட்டம்மா. எனக்குப் படிப்பு முடிஞ்ச அடுத்த மாசமே. அதனால அதுல இருக்கிறவ ஓசூர் போயிட்டா. நீ இருக்கிறதனாலதான் நான் இங்க இருக்கேன்னு இவங்ககிட்டக் காட்டணும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். என்னால சொல்ல முடியலம்மா."

கோபப்படுவாள், அழுவாள் என்று தாரிகா காத்திருந்தாள். அம்மாவோ நாற்காலியை ஜெபராணிக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு நான் செத்த பொறகு யாரு இருந்தா மேடம்?"

ஜெபராணி திரையைப் பார்த்துச் சொன்னார். யாரும் இல்லை. நாலு நாள் விடுப்பு எடுத்திருக்கிறாள். அப்புறம் ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அழுதாளா?"

"அது இதுல வராதும்மா. சம்பளத்தைப் பாதிச்சாத்தான் இதுல வரும்."

"பாதிக்கலையா?"

"இல்லம்மா."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கா," என்றாள் காளீஸ்வரி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் கணினிக்குள் இருக்கிற அந்தப் பெண்ணைத் தாரிகா மனதாரச் சபித்தாள். நாலு நாளில் எப்படியடி எழுந்து போனாய் என்று அவளிடம் கேட்க வேண்டும் போலிருந்தது.

காளீஸ்வரி இரவல் ரவிக்கையின் இடது கைக் கொக்கியைக் கழற்றினாள். கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, புடைத்த நரம்போடு கேமராவுக்கு முன்னால் மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

"முன்னால சொன்னதை அழிச்சுருங்க மேடம். எனக்கு நடக்க முடியல. குனிஞ்சு ஒரு பாத்திரத்தை எடுக்க முடியல. மாடி ஏறி வந்ததுல கண்ணு இருட்டிட்டு வருது, நான்தான் காட்டிக்கிரல. இவ இல்லைன்னா நான் இல்ல."

வாழ்க்கை முழுக்க யாரிடமும் முடியவில்லை என்று சொல்லாதவள் அவள். டயாலிசிஸ் படுக்கையில் நடுங்கிக்கொண்டு கிடக்கும்போதுகூட மகளிடம், குளிரு மாதிரி இருக்கு, வேற ஒண்ணுமில்லை என்கிறவள். இன்று கேமராவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

இனி என்ன செய்வார்கள் என்று தாரிகா கேட்டாள். நிழலுக்கு அம்மாவைத் திரும்பக் கொடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், நேரம் ஆகாது என்றார் ஜெபராணி. திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது, குடித்த தண்ணீர் வேலையைக் காட்டியது. தாரிகா முதுகைத் தடவிவிட்டாள். திரையில் எழுத்துகள் வந்தன.

"சலுகை கிடைச்சிருச்சு," என்றார் ஜெபராணி. "நீ ஊர்லயே இருக்கலாம். இப்ப வாங்குற சம்பளத்துக்குத் தக்க கட்டுனாப் போதும். மார்ச் வரைக்கும்."

"மார்ச்சுக்கு அப்புறம் மேடம்?"

"ஏப்ரல்ல நேர்ப்படுத்தல். விலகல் ஒரு தடவைதான் கேட்க முடியும்மா."

"ஏன் மார்ச்?"

ஜெபராணி திரையைத் தன் பக்கமாக லேசாகத் திருப்பிக்கொண்டார். தாரிகாவுக்குப் புரிந்தது. நிழலுக்கு அம்மாவைத் திரும்பக் கொடுத்தார்கள், மறுபடி ஓடவிட்டார்கள், அந்த ஓட்டத்திலும் அம்மாவின் உயிர் ஓரிடத்தில் நின்றுவிட்டிருக்கிறது. அது மார்ச் மாதம். போன முறை இயந்திரம் சொன்னது பலிக்கவில்லைதான். ஆனால் பலிக்காமல் போனது, இவள் ஊரில் இருந்ததால். ஏப்ரலில் இவளும் இருக்கமாட்டாள். அம்மா மார்ச்சைத் தாண்டிவிட்டாலும் ஏப்ரலைத் தாண்ட வழி இல்லை. இந்தச் சட்டத்தை எழுதிய யாருக்கும் அம்மாமேல் பகை கிடையாது, விதி அப்படி அமைந்துவிட்டது என்று சொல்வார்கள்.

"மார்ச்னா என்ன பாப்பா?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"நிதியாண்டும்மா. கவர்மெண்டுல எல்லாத்துக்கும் மார்ச்தான் கணக்கு முடிப்பாங்க."

ஜெபராணியும் ஆமாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காளீஸ்வரி அவருக்கு இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டாள். சுருட்டிவிட்ட கையை இறக்கிவிட மறந்திருந்தாள், அல்லது இனி எதற்கு என்று விட்டுவிட்டாள். இறங்கும்போது லிஃப்டில் வந்தாள்.

அவர்கள் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அடுத்தவரின் முறை வந்துவிட்டது. கால் விளங்காத ஒரு பெரியவரும் அவர் மகனும். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜெபராணி, சலுகை வரும் அக்டோபர் வரை என்று சொல்வது கேட்டது. மார்ச் இல்லை, வேறு மாதம்; நிதியாண்டு என்றது பொய்யென்று ஆகிவிட்டது. தாரிகா சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா லிஃப்டின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் கரிசல் காடு வெயிலில் வெடித்துக் கிடந்தது. தாரிகா, நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், இவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறாய், நாளைவரை பொறுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். காளீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ஓசூர்ல ஏப்ரல் மாசம் வெயிலு எப்படி இருக்கும்?"

தாரிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குளுகுளுன்னு இருக்கும்னு சொல்றாக. நம்ம ஊரு வெயிலுக்கு அது எவ்வளவோ தேவல." காளீஸ்வரி மகளின் தலையில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "வீட்ல தனியாக் கெடந்து அழுதுக்கிட்டு இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை மாதிரி நாலாம் நாளு கிளம்பிரு. நான் ஒண்ணும் நினைச்சுக்கிர மாட்டேன்."

நடத்துநர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டார். தாரிகா அழுதுகொண்டே, ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு இரண்டு என்றாள்.